முதியோர் இல்லமும் ஊர்ப் பழியும்

(பூம்புகாரில் பேசியதன் சாரம்)



வயதான தாயையோ தகப்பனையோ முதியோர் இல்லத்தில் விடுவது பாவமல்லவா என்று இவ்வூர்த் தோழர்கள் சிலர் நம்மைக் கேட்டார்கள். பாவம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறது யார்? மகன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான். மலஜலம் எடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, இரவெல்லாம் கண்விழிக்கிறவள் மருமகள். கொள்ளிவைக்கும் உரிமையும் புண்ணியமும் மகனுக்கு. சம்பளமில்லாத வேலை அவளுக்கு! இதற்குத்தான் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கொண்டுபோய் விட்டதோடு கடமை தீர்ந்தது என்று நாம் சொல்லவரவில்லை. மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். பாலைக் கறந்து பார்க்கிறான். பெற்றவளை விடப்போகிறவனோ வாசலில் மாட்டிய சாமி படத்தைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிடுகிறான்!

இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். தர்காவில் குணமாகுமென்று நம்பி, மனநோயாளிகளை அவர்கள் குடும்பத்தாரே அங்கிருந்த தனியார் காப்பகங்களில் விட்டிருந்தார்கள். ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டவர்கள் ஓடுவதெப்படி? 28 பேர் வெந்து மாண்டார்கள். தர்காவானாலும் கோவிலானாலும் மாதாகோவிலானாலும் நமக்கு ஒன்றுதான். விட்டவர்களில் எத்தனைபேர் ஒரு ராத்திரியாவது அங்கே போய்ப் பார்த்திருப்பார்கள்?

இந்தப் பட்டினத்தில் உலக அறவி என்ற அம்பலத்தில் நோயாளிகளும் ஆதரவற்றவர்களும் கூடியிருந்ததாக மணிமேகலை சொல்லுகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் புலவரின் கட்டுக்கதை. நாதியற்றவர்களுக்கு ஒரு பொதுவிடம் வேண்டுமென்ற எண்ணம் கட்டுக்கதையல்ல.

ஆகவே, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். சாப்பாட்டு வேளையில் ஒருதரம், இருட்டிய பிறகு ஒருதரம். வரவேற்பறையை விட்டுவிட்டுக் கக்கூசைப் பாருங்கள். படுத்த படுக்கையாயிருப்பவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டாவிட்டால் புண் வரும். ராத்திரி புரட்டுகிறது யார் என்று கேளுங்கள். தீப்பிடித்தால் கதவுச் சாவி யாரிடம் என்றும் கேளுங்கள். சமையற்காரன் என்ன ஜாதியென்று விசாரிக்கிறவர்கள் இன்னமும் உண்டு. அவன் கை கழுவினானா என்று விசாரிக்கக் காணோம். எல்லாவற்றுக்கும் முன்னால், போகப்போகிறவரையே கேளுங்கள். கிழவி என்றால் அவளுக்கு வாயில்லையா? அழைத்துப்போய் ஒருநாள் உட்காரவைத்து, பிறகு அவள் சொல்லுவதைக் கேட்டாலென்ன?

2007-ம் வருஷத்திலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. கைவிட்ட பிள்ளைகள்மீது கோட்டாட்சியரிடம் மனுச்செய்து ஜீவனாம்சம் கேட்கலாம். நிலத்தைப் பிள்ளைபேருக்கு எழுதிவைக்கும் பெரியவர்களே! கடைசிவரை காப்பாற்றவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். தவறினால் பத்திரத்தைச் செல்லாததாக்க அச்சட்டத்தின் 23-வது பிரிவு இடங்கொடுக்கிறது. ராகுகாலம் பார்த்துப் பத்திரம் பதிகிறவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, பிறகு நம்மிடம் வந்து அழுகிறார்கள்.