பட்டைக் குறியீடும் பட்டியலும்

கடைக்காரர் தம் கடையிலுள்ள பொருள்களை நிறத்தாலும் மணத்தாலும் அறிந்து விற்ற காலம் ஒன்று இருந்தது. கொத்தமல்லி எந்தச் சாக்கில் இருக்கிறது, நல்லெண்ணெய் எந்தப் போத்தலில் இருக்கிறது என்பதை அவர் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. இன்று பேரங்காடியிற் காசாளர் கையிலுள்ள வருடி என்னும் கருவிக்கு அந்த அறிவு கிடையாது. பொதியின்மேல் அச்சிட்டுள்ள கறுப்புக் கோடுகளை அது ஒளியால் தடவும்; அவற்றிலிருந்து ஓர் எண்ணை மட்டும் படித்தெடுக்கும். அந்த எண் எப்பொருளுக்கு உரியது, அதன் விலை யாது என்பனவெல்லாம் கடையின் கணினியிலுள்ள பட்டியலிலேயே இருக்கின்றன. ஆதலின் பட்டைக் குறியீட்டின் உண்மை கோடுகளில் இல்லை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பட்டியலில் உள்ளது.

இக் கோடுகள் தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1948ஆம் ஆண்டு நோமன் ஜோசப் வூட்லண்ட், பேர்னாட் சில்வர் என்னும் இருவர், பொருளின் விவரத்தை இயந்திரமே படித்துக்கொள்ளும் வழியொன்றை ஆராயத் தொடங்கினர். மியாமிக் கடற்கரை மணலில் வூட்லண்ட் தந்திக் குறியீட்டின் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் விரலால் வரைந்து, அவற்றைக் கீழ்நோக்கி நீட்டிப் பார்த்தபோது அக்கருத்துத் தெளிவு பெற்றது. 1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவர்களுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. எனினும், அவ்வடையாளத்தை மலிவாகவும் விரைவாகவும் படிக்கத்தக்க கருவிகள் அக்காலத்தில் இல்லை. பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் லோரர் வகுத்த நேர்கோட்டு வடிவத்தை 1973ஆம் ஆண்டில் அமெரிக்கப் பலசரக்கு வணிகர் ஏற்றனர். 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆந் தேதி, ஓகையோ மாநிலத்தின் ட்ரோய் நகரப் பேரங்காடி ஒன்றில், சுவிங்கம் பொதியொன்று முதன்முதலாக இம்முறையில் விற்கப்பட்டது. அதன் விலை 67 சதம்.

உலகில் இன்று பெரிதும் வழங்கும் எண் 13 இலக்கங்களை உடையது. ஜி.எஸ். 1 என்னும் சர்வதேச அமைப்பு இவ்வெண்களைப் பகிர்ந்தளிக்கின்றது. இலங்கை அமைப்பின் வழியாகப் பெறப்படும் எண்கள் 479 என்று தொடங்கும். இதைக் கண்டவுடன் பொருள் இலங்கையில் விளைந்தது என்று முடிவு செய்தல் தவறு. எண் எங்கே பெறப்பட்டது என்பதையே முதல் மூன்று இலக்கங்கள் காட்டும். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டமாட்டா.

வடபகுதியிற் பனம்பொருள் செய்யும் ஒரு சிறு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அது பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு ஆகியவற்றைப் பொதிசெய்து பேரங்காடிகளுக்கு அனுப்ப எண்ணுகிறது. பொருள் நான்கே எனினும் எண் நான்கு போதாது. பனங்கட்டி 200 கிராம் பொதிக்கு ஓரெண், 400 கிராம் பொதிக்கு வேறோரெண் வேண்டும். இவ்வாறு அளவும் வகையும் பெருகப் பெருக எண்களும் பெருகும். ஒவ்வொன்றுக்கும் லேபலைத் தனித்தனியே எழுதிக்கொண்டிருத்தல் இயலாத காரியம். இங்கேதான் விரிதாள் கைகொடுக்கின்றது. 1979ஆம் ஆண்டு டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் ஆகியோர் ஆக்கிய விசிகல்க் என்னும் மென்பொருளோடு சிறிய கணினிகளிற் பரவிய இக்கருவி, கணக்கேட்டின் கட்டங்களைக் கணினித் திரையில் தருவது.

விரிதாளில் ஒரு பொருளுக்கு ஒரு நிரை என்பது முதல் விதி. பெயர், நிறை, எண், விலை, அச்சிடவேண்டிய லேபல்களின் தொகை ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் வகுக்க வேண்டும். பின்னர் மாதிரி லேபல் ஒன்றை வரைந்து, அதில் பெயர் வரும் இடத்தைப் பெயர் நிரலோடும், கோடுகள் வரும் இடத்தை எண் நிரலோடும் இணைத்தல் வேண்டும். அச்சிடும் மென்பொருள் நிரை நிரையாக இறங்கி வந்து, நூற்றுக்கணக்கான லேபல்களைச் சில நிமிடங்களில் ஆக்கித் தரும். இவ்விரைவே இம்முறையின் சிறப்பு, ஆபத்தும் அதுவே. கையால் எழுதுபவர் செய்யும் பிழை ஒரு லேபலோடு நின்றுவிடும். பட்டியலில் நேரும் பிழையோ ஓராயிரம் லேபல்களில் ஏறிவிடும்.

முதற் பிழை எண்ணைத் தொகையாகக் கருதுவதால் வருவது. 2001234567893 என்னும் எண்ணை விரிதாளின் சாதாரணக் கலமொன்றில் எழுதினால், கணினி அதை ஒரு பெருந்தொகை என்று கொண்டு 2.00123E+12 எனச் சுருக்கிக் காட்டக்கூடும். அந்நிலையில், காற்புள்ளியாற் பிரித்த எளிய கோப்பாக அதைச் சேமித்தால், சுருங்கிய வடிவமே எஞ்சும். மறுபடி திறக்கும்போது பின்னிலக்கங்கள் பூச்சியங்களாகிவிடும். ஒரு சங்கத்தின் பொருள்களுக்குரிய எண்கள் பின்னிலக்கங்களிலேயே வேறுபடுவன. ஆகவே நிரல் முழுவதும் ஒரே எண்ணாய் மாறிப்போகும். முன்னே பூச்சியம் உள்ள எண்ணாயின் அப்பூச்சியமும் மறைந்துவிடும். எண்களை எழுதுமுன் அந்த நிரலை எழுத்து வடிவம் என்று குறித்துவிடுவதே இதற்குத் தக்க காப்பு. பட்டைக் குறியீட்டெண் கூட்டவும் கழிக்கவும் உரிய தொகையன்று; அது ஒரு பெயரைப் போன்றது.

இரண்டாவது பிழை இலக்கம் மாறுவது. இதனைக் கண்டுபிடிக்கவே பதின்மூன்றாம் இலக்கம் அமைந்துள்ளது. அதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். மேற்காட்டிய எண்ணின் முதற் பன்னிரண்டு இலக்கங்களில், ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இடங்கள் என ஒற்றை இடங்களிலுள்ளவற்றைக் கூட்டினால் 22 வரும். இரட்டை இடங்களிலுள்ளவற்றைக் கூட்டினால் 25. அதை மூன்றாற் பெருக்க 75. இரண்டும் சேர 97. அடுத்த பத்தின் மடங்காகிய 100ஐ அடைய 3 தேவை. அதுவே இறுதியிலக்கம். எந்த ஓர் இலக்கம் பிழையாயினும் இக்கணக்குப் பொருந்தாது. வருடி அதனை ஏற்க மறுக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஆனால் 1, 6 என்பனபோல் ஐந்தால் வேறுபடும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் இக்காவலைக் கடந்துவிடும்.

மூன்றாவது பிழையே மிகக் கொடியது. ஒருவர் பட்டியலை அகர வரிசைப்படுத்த எண்ணி, பெயர் நிரலை மட்டும் தெரிந்து வரிசைப்படுத்திவிட்டார் எனக் கொள்வோம். பெயர்கள் இடம் பெயரும். எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது எண் ஒவ்வொன்றும் குற்றமற்றது. சரிபார்ப்பு இலக்கமும் பொருந்தும். வருடியும் தயக்கமின்றிப் படிக்கும். ஆனால் 200 கிராம் பனங்கட்டிப் பொதியின் மேல் 400 கிராம் பொதிக்குரிய எண் ஏறியிருக்கும். சிறு பொதியை எடுத்த ஏழைத் தாய் பெரும் பொதிக்குரிய விலையைச் செலுத்துவாள். அவசரத்தில் பற்றுச்சீட்டை எத்தனை பேர் வாசிக்கின்றனர்? வாசித்தவர் முறையிட்டால் கடைக்காரர் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்புவார். பழுதான பொதிகளைத் திருப்பியழைக்க நேர்ந்தால், எதை அழைப்பது என்றும் தெரியாது. பல மாத உழைப்பாற் பெற்ற நற்பெயர் ஒரு நாளிற் கெடும். எந்த இயந்திரமும் இப்பிழையைக் கண்டு சொல்லாது. ஏனெனில் இயந்திரம் பனங்கட்டியைக் கண்டதில்லை.

அச்சிடுமிடத்தும் சில கவனிக்கத்தக்கன. இக்குறியீட்டின் இயல்பான அளவு, ஓரங்களும் அடியிலுள்ள இலக்கங்களும் உட்பட, ஏறத்தாழ 37 மில்லிமீற்றர் அகலமும் 26 மில்லிமீற்றர் உயரமும் ஆகும். அதனை நூற்றுக்கு 80 வரை குறைக்கலாம். இரு மடங்கு வரை பெருக்கலாம். இரு பக்கங்களிலும் வெற்றிடம் விடுதல் இன்றியமையாதது. இடம் போதவில்லை என்று அதன்மேல் எழுத்தையோ படத்தையோ ஏற்றினால், கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்பதை வருடி அறியாது. பல வருடிகள் செந்நிற ஒளியாற் படிப்பன; அவற்றுக்குச் சிவப்புக் கோடு வெள்ளைத் தாளினின்று வேறுபடாது. வெள்ளையிற் கறுப்பே உத்தமம். தாளுக்கு ஏற்றவாறு பக்கத்தைத் தானாகச் சுருக்கும் ஏற்பாட்டையும் அச்சுப்பொறியில் நிறுத்திவிடல் வேண்டும்.

ஆயிரம் லேபல் அச்சிடுமுன் ஒரு தாள் மட்டும் அச்சிட்டு, இருவர் அமர்ந்து ஒத்துப்பார்த்தல் நன்று. ஒருவர் பொதியைக் கையில் எடுத்து அதன் பெயரையும் நிறையையும் உரக்கச் சொல்லட்டும். மற்றவர் அதன் லேபலை வருடியிற் காட்டி, வரும் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடட்டும். திரையைத் திரையோடு ஒப்பிடுவதால் பயனில்லை. பொருளையே கையில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். இதற்குச் செல்வது அரைமணி நேரம். பழைய கடைக்காரர் தம் கண்ணால் செய்துவந்த வேலையும் இதுவே. இயந்திரம் வந்தபின் அவ்வேலை ஒழிந்துவிடவில்லை. விற்கும் வேளையினின்று பட்டியல் எழுதும் வேளைக்கு மாறியிருக்கின்றது. அங்கே காட்டும் கவனமே, முன்பின் அறியாத ஒருவர் தொலைவிலுள்ள கடையொன்றில் கொடுக்கும் காசுக்கு நியாயம் செய்வதாகும்.