ஆஸ்பத்திரிச் செலவு யார் கணக்கில்?



ஆஸ்பத்திரியின் வரவு செலவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "உயிர் ஊசலாடுகிற இடத்தில் கணக்கு என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஆஸ்பத்திரி நடப்பது நம் பணத்தில். மில் தொழிலாளியின் சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு 75 காசு ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். 2019 ஜூலையில் வந்த விகிதம் இது. வயலில் பாடுபடுகிறவர்களுக்குச் சம்பளப் பிடித்தம் கிடையாது. ஆனால் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறார்கள். ஆகவே கணக்குக் கேட்கும் பாத்தியதை நமக்குத்தான் முதலில் உண்டு. எந்தக் கணக்கைக் கேட்பது என்பதுதான் பிரச்சினை.

ஒரு பழைய விவகாரத்தைச் சொல்கிறோம். கிரிமியா யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று முதலில் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1863-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. லண்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் சாவு விகிதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்றது அது! டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். விஷயம் என்னவென்றால், 1861-ம் வருஷம் முழுவதும் இறந்தவர்கள் 3,828 பேர். அதை வகுத்தது, ஏப்ரல் 8-ந் தேதி ஒரே ஒரு நாளில் படுக்கையில் இருந்த 4,214 பேரால். ஒரு படுக்கையில் வருஷத்தில் எத்தனையோ பேர் படுத்து எழுந்து போவார்கள். சிகிச்சை பெற்ற அத்தனை பேரையும் வைத்து வகுத்தால் விகிதம் பல மடங்கு இறங்கிவிடும். சரி, அப்படியே வகுப்போம். அப்போதும் ஒரு சந்து இருக்கிறது. சாகக் கிடப்பவரை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பிவிட்டால் அந்தச் சாவு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறாது. எதை எதனால் வகுக்கிறார்கள் என்று பார்க்காமல் எந்தச் சராசரியையும் நம்பக் கூடாது.

மில்லில் கதிர் ஓடாமல் நின்றால் நஷ்டம். மேஸ்திரி ஓடி வருவார். இதே கண்ணோடு ஒரு நிபுணர் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறார். நூறு கட்டிலில் பதினைந்து காலியாக இருப்பதைப் பார்த்து, "பதினைந்தும் வீண்" என்று எழுதிக்கொள்கிறார். தீயணைக்கும் வண்டி கொட்டகையில் நிற்பதை யாராவது வீண் என்பார்களா? நோயாளிகள் ஷிப்ட் பிரகாரம் சங்கு ஊதி வருவதில்லை. 1999-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சி இதைக் கணக்குப் போட்டே காட்டியது. நூற்றுக்கு 85 படுக்கைக்கு மேல் நிரம்பினாலே அபாயம் தெரிய ஆரம்பிக்கும். 90-ஐத் தாண்டினால் இடமில்லாத நெருக்கடி அடிக்கடி வரும். நம் ஊர் பெரிய ஆஸ்பத்திரிகளிலோ கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிற வார்டுகளைப் பார்த்திருக்கிறோம். நிபுணரின் புத்தகப்படி இது நூற்றுக்கு நூற்றைம்பது திறமை. சபாஷ்!

அமெரிக்காவில் 1983-ல் வேறொரு வழி கண்டார்கள். முதியோருக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸில், எத்தனை நாள் படுத்திருந்தாலும் வியாதிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பீஸ் ரேட் என்றால் உங்களுக்குப் புரியும். நோயாளிகள் படுத்திருக்கும் நாட்கள் மளமளவென்று குறைந்தன. நியாயத்தைச் சொல்ல வேண்டும்: பின்னால் ஆராய்ந்தவர்கள் சாவு அதிகரிக்கவில்லை என்றே கண்டார்கள். ஆனால் உடம்பு நிலைப்படுவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அதிகமாயினர். அந்த மிச்ச நாட்களின் பணிவிடை வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கி, 2012-ல் புது உருவில் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை கட்டித்தான் பணம் கொடுக்கிறது. கையில் காசில்லாதவருக்கும் ஆபரேஷன் கிடைக்கிறது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தொகை கட்டிய இடத்தில் எந்த ஆசை முளைக்கும் என்பதை பீஸ் ரேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஒரு விவசாயத் தொழிலாளி அம்மாள் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளைக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பத்து நாளைக்குத்தான் கொடுக்கிறார்கள். மாதத்தில் மூன்று நடை. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் என்ன ஏறும்? ஒரு நோயாளி வந்த இடத்தில் மூன்று நோயாளிகள்! அதே டாக்டர், அதே சம்பளம். தலைக்குச் செலவு இறங்கிவிட்டது, திறமை ஏறிவிட்டது. அம்மாளின் புத்தகத்தில்? அவருக்குப் புத்தகம் ஏது! மூன்று நாள் கூலி போயிற்று. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும், நாற்று நடவுக்குப் போகாத நாளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? இரண்டு நடைக்குப் பிறகு மாத்திரையையே விட்டுவிடுகிறார். கால் புண்ணாகி, பிறகு விரலை எடுக்க வேண்டி வந்தால், அது வேறொரு ஆஸ்பத்திரியில், வேறொரு தலைப்பில் செலவாக எழுதப்படும்.

படுத்தவருக்குத் துணையிருக்கும் மகனையும் பாருங்கள். தூக்குவதும் துடைப்பதும், ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு மாடி ஏறி இறங்குவதும் அவன் வேலை. வார்டில் நர்சும் உதவியாளும் போதாததால்தானே இது? ஆள் போடாமல் மிச்சம் பிடித்த சம்பளம் சிக்கனம் என்று எழுதப்படுகிறது. உண்மையில் அந்த வேலையை நம் பையன் கூலியில்லாமல் செய்துவிட்டு வருகிறான்.

தேசம் முழுவதும் வைத்தியத்துக்குச் செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 2013-14-ல் ஜனங்கள் நேரே கைப்பணமாகக் கொடுத்தது 64 ரூபாய். 2021-22-ல் 39 ரூபாய் என்கிறது மத்திய சர்க்கார் கணக்கு. குறைந்தால் நல்லதே. ஆனால் இழந்த கூலிக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

செலவை இன்னொருவர் தலைக்குத் தள்ளாமல் உண்மையாகவே குறைக்க முடியாதா? முடியும். 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு, கம்பெனியிடமிருந்து நேரே மருந்து வாங்கினார்கள். மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பித் தேறிய பிறகே விநியோகம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்கு மாதிரி ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குத் தங்களுக்கு வேண்டிய மருந்தை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விலை இறங்கியது, மருந்தும் வந்து சேர்ந்தது, நோயாளியிடம் ஒரு காசு கூடக் கேட்கவில்லை. 2011-ல் ராஜஸ்தானும் இலவச மருந்துத் திட்டத்துக்கு இந்த வழியையே பின்பற்றியது.

இனி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கூலி எழுதும் நோட்டிலேயே நாலு பத்தி கோடு போடுங்கள்: போன தேதி, எத்தனை நாளைக்கு மருந்து கொடுத்தார்கள், வெளியில் வாங்கச் சொன்னது எவ்வளவு, விட்ட கூலி எவ்வளவு. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மூன்று மாதம் கழித்து ஊர்வாரியாகக் கூட்டிப் போடுவோம். "தலைக்கு இவ்வளவுதான் செலவு" என்று ஆஸ்பத்திரி அறிக்கை வரும்போது, அதன் பக்கத்தில் இந்த நோட்டையும் வைத்துப் பேசலாம்.