விளையாட்டு தொழிலானபோது



விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளலாமா என்னும் வினா உங்களுள் சிலருக்கேனும் எழுந்திருக்கும். ஊதியம் புகுந்தால் ஆட்டத்தின்பால் உள்ள அன்பு அகன்றுவிடும் என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் மெய்தானா என்பதை, அயர்லாந்து நாட்டு ரக்பி ஆட்டக்காரர் பிரையன் ஓட்ரிஸ்காலின் வாழ்க்கையைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

முதலில் ஆட்டத்தை அறிவோம். ரக்பியில் பக்கத்திற்கு 15 பேர். ஆட்ட நேரம் 80 நிமிடம். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம், கையால் முன்னோக்கி எறிதல் மட்டும் ஆகாது. ஆகவே, முன்னேற விரும்புவோன் தன் பின்னே வரும் தோழனை நம்பியே தீரவேண்டும். எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றினால், அதற்கு 'டிரை' என்று பெயர். 5 புள்ளிகள் கிடைக்கும். பந்தோடு வருபவனை எதிரிகள் பாய்ந்து பற்றி வீழ்த்துவர். உடல் வலிமையும் மன உறுதியும் ஒருங்கே வேண்டப்படும் ஆட்டம் இது.

1995 ஆகஸ்டு வரை இவ்வாட்டத்திற்கு ஊதியம் பெறுதலை விதிகள் தடுத்தன. அரசியலால் இரண்டாகப் பிரிந்த அயர்லாந்துத் தீவுக்கு ரக்பியில் ஒரே குழுதான். அக்குழு 1948-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சு ஆகிய நான்கையும் வென்றபோது அதன் ஒளிவிளக்காய்த் திகழ்ந்தவர் பெல்பாஸ்டு நகரத்து ஜாக் கைல். அவர் கற்றது மருத்துவம். ஆட்டத்தை விட்டபின் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் பல்லாண்டு அறுவை மருத்துவராய்த் தொண்டாற்றினார்.

ஓட்ரிஸ்கால் 1979-இல் டப்ளினில் பிறந்தவர். ஊதியம் பெற்று ஆடிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். 1999-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நாட்டுக் குழுவில் இடம் பெற்றார். மறு ஆண்டு பாரிசில் தனியொருவராய் மூன்று டிரைகள் எடுத்தார். 1972-க்குப் பின் அந்நகரில் அயர்லாந்து வென்றது அன்றுதான்.

புகழோடு துன்பமும் வந்தது. பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றின் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டிய 'லயன்ஸ்' குழுவுக்கு 2005-இல் அவர் தலைவர். நியூசிலாந்தில் முதல் பெரும் போட்டி தொடங்கிய ஓரிரு நிமிடங்களில் எதிரணியினர் இருவர் அவரைத் தூக்கிக் கீழே வீழ்த்தினர், தோள்மூட்டு விலகியது. பயணம் அன்றே முடிந்தது. எனினும் அவர் மீண்டு வந்தார். 2009-இல் அவர் தலைமையில் அயர்லாந்து ஐந்து நாடுகளையும் வென்றது. 61 ஆண்டுகளுக்குப்பின் கிட்டிய அவ்வெற்றியைக் காணக் கார்டிப் அரங்கிற்கு வந்திருந்த 83 வயது ஜாக் கைல், ஓட்ரிஸ்காலை நேரில் வாழ்த்தினார். ஊதியம் பெறாதவரும் பெற்றவரும் அன்று எய்திய மகிழ்ச்சியில் வேற்றுமை உண்டோ?

2013-இல் லயன்ஸ் குழுவின் இறுதிப் போட்டியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் உற்ற ஏமாற்றம் பணத்தைப் பற்றியதன்று. ஆடும் வாய்ப்பைப் பற்றியது. அன்பு அகன்றுவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அடுத்த ஆண்டே, முன்பு புகழ் பெற்ற அதே பாரிசில், 22-20 என்னும் புள்ளிக் கணக்கில் பிரான்சை வென்று, ஆறு நாட்டுப் போட்டியின் வெற்றியோடு நாட்டுக் குழுவிலிருந்து விடைபெற்றார். அயர்லாந்துக்காக அவர் ஆடியவை 133 போட்டிகள். எடுத்த டிரைகள் 46.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். ஓட்ரிஸ்கால் ஆட்டத்தை விட்டபோது அவருக்கு வயது 35. கைலுக்கோ அவ்வயதில் மருத்துவப் பணியின் பெரும்பகுதி இனிமேல்தான் இருந்தது. மற்றத் தொழில்களில் அனுபவம் முதிரும் பருவத்தில், விளையாட்டுத் தொழில் முடிந்துவிடுகிறது. உடலே அதன் முதல். ஒரு நொடி வீழ்ச்சி அம்முதலை அழித்துவிடக்கூடும். ஆகவே, ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் அதனை முழு மனத்தோடு மேற்கொள்க; அதனோடு, ஆட்டம் முடிந்த பின்னும் கைகொடுக்கும் கல்வி ஒன்றையும் இளமையிலேயே தேடிக்கொள்க.