புள்ளி இட்ட இடங்கள்

கொல்லிமலை அடிவாரத்தில் மேடையேறியவன் வல்வில் ஓரியைச் சொல்லாமல் இறங்க முடியாது. ஆனால் ஓரியின் வில்லைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவனை வன்பரணர் பாடிய பாட்டு உள்ள புறநானூறு இருக்கிறதே, அந்த நூலின் ஓட்டைகளைப் பற்றிப் பேசப்போகிறேன். நானூறு பாட்டு என்று பெயர். 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. இன்னும் பல பாட்டுகளில் அடிகள் சிதைந்துபோயின. 1894-இல் அதை அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்; செய்யுள் கட்டத் தெரிந்தவர். சிதைந்த இடத்தில் சங்க நடையில் ஓரடி கட்டிச் செருகியிருந்தால் அன்று கண்டுபிடிக்க ஆள் ஏது? அவர் செருகவில்லை. அந்த இடங்கள் இன்றும் புள்ளி வரிசையாகவே அச்சாகின்றன.

அவர் கையில் இருந்த ஏட்டை நினைத்துப் பாருங்கள். ஓரம் முறிந்திருக்கும், நடுவில் செல் அரித்திருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட ஏடுகளைக் குப்பை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போன ஐயருக்குக் கிடைத்த பதில், பழுதான சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டோம் என்பது. பரிபாடல் எழுபதில் முழுதாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. மற்றவை எந்தத் தீயில், எந்த ஆற்றில் போயினவோ!

பழுதானதை ஏன் காக்க வேண்டும், நம் பேளுக்குறிச்சிச் சனிக்கிழமைச் சந்தையில் பொக்கு மிளகை யார் வாங்குவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மிளகுக்கு அடுத்த மூட்டை உண்டு. புடைத்துக் கழிப்பதே சரி. புறநானூற்றுக்கு அடுத்த மூட்டை கிடையாது. உங்கள் வாழ்க்கைக்கும் என் வாழ்க்கைக்கும் அப்படித்தான். குறையைப் பொறுப்பதா, கழிப்பதா என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல், அடுத்த மூட்டை உண்டா என்பது ஒன்றே. அப்படியானால் குறையைச் சொல்லிச் சோம்பல் படலாமா என்றால், அதற்கும் ஐயரே பதில். பல பிரதிகளை ஒப்பிட்டு, எதிலும் கிடைக்காதபோதுதான் இடைவெளியை ஒப்புக்கொண்டார். 1887-இல் தாம் பதிப்பித்த சீவக சிந்தாமணியை 1907-இல் திருத்தி மறுபடியும் வெளியிட்டார். தம் பதிப்பிலும் குறை உண்டு என்று ஏற்றவருக்குத்தான் இருபது ஆண்டு கழித்தும் திருத்தக் கை வரும். ஓட்டையை மூடி மறைத்தவனுக்கு அந்த வேலையே இல்லை; மூடிய இடத்தில் பிறகு யாரும் தேடவும் மாட்டார்கள். இன்று வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள், படிப்பு நின்ற ஆண்டை எதையாவது இட்டு நிரப்பப் பார்க்கிறார்கள். நிரப்ப வேண்டாம், அந்த ஆண்டு நின்றது என்றே எழுதுங்கள். பெற்றோரும் அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுப் பரணிலாவது மருந்து ஏடோ சோதிட ஏடோ கிடந்தால், பாதி முறிந்திருந்தாலும் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடாதீர்கள். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சை சரசுவதி மகாலுக்கோ ஒரு கடிதம் போடுங்கள்.