ஒரு பைசாவும் நான்கு பாடங்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதை வாசித்தும் நூல்களை ஆய்ந்தும் வளர்ந்த வட்டம் இது. இந்த மேடையில் உயர்நிலைப் பள்ளியின் சமூக அறிவியல் பாடத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கவிதைக்கும் இந்தப் பாடத்துக்கும் என்ன உறவு என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். மனிதர் எப்படி வாழ்ந்தனர், எந்த மண்ணில் வாழ்ந்தனர், எந்த ஆட்சியின் கீழ் வாழ்ந்தனர், எதை உண்டு எதை விற்று வாழ்ந்தனர் என்பவையே இப்பாடத்தின் வினாக்கள். நல்ல கவிதையின் வினாக்களும் இவையே. ஆகவே நாம் அயல் வீட்டுக்குப் போகவில்லை.

முந்தைய தலைமுறை இதனைச் சரித்திரம், பூகோளம் என்று படித்தது. பின்னர் வரலாறு, புவியியல் என்றாயிற்று. குடிமையியலும் பொருளியலும் சேர்ந்து இன்று சமூக அறிவியல் என்ற ஒரே நூலாக நிற்கிறது. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டமும், 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்த புதிய பாடநூல்களும் இப்பாடத்தின் உள்ளடக்கத்தை விரிவாக்கியுள்ளன. பத்தாம் வகுப்புப் பொருளியல் பகுதியில் உலகமயமாதலும் வரிகளும் தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகளும் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன. நூலில் குறை காண்பது என் நோக்கமன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. ஒரே அட்டைக்குள் இருந்தாலும் மாணவர் இதனை நான்கு துண்டுகளாகவே படிக்கின்றனர். வரலாறென்றால் ஆண்டுகள், புவியியலென்றால் நிலவரைபடத்தில் குறிக்க வேண்டிய இடங்கள், குடிமையியலென்றால் சட்டப்பிரிவு எண்கள், பொருளியலென்றால் இலக்கணம் போல் ஒப்பிக்கும் வரையறைகள். கணக்குக்கும் அறிவியலுக்கும் தனிப்பயிற்சி தேடும் பெற்றோர், இதனை மனப்பாடத்தில் முடிந்துபோகும் பாடமாகவே கருதுகின்றனர். இந்த நான்கும் ஒன்றே என்பதை எப்படிக் காட்டுவது? அதற்கு நம் பெருமாநல்லூரைவிடச் சிறந்த பாடநூல் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதில் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். 1970ஆம் ஆண்டு ஜூன் 19 என்ற நாளே அந்தப் பக்கம்.

வரலாறு

அவ்வாண்டு உழவர்களின் மின்மோட்டார்களுக்கான கட்டணம் யூனிட் ஒன்றுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. கோவை மாவட்ட உழவர்கள் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் திரண்டு எதிர்த்தனர். ஜூன் 19 அன்று நம் ஊரில் காவல்துறையினர் சுட்டதில் மூன்று உழவர்கள் உயிர் நீத்தனர். அதன்பின் உயர்வில் ஒரு பைசா குறைக்கப்பட்டது. 1972இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது கோவை நகரின் தெருக்களை மாட்டுவண்டிகள் நிறைத்தன. அந்த மூவருக்காக எழுந்த நினைவிடத்தில் இன்றும் ஜூன் 19 தோறும் உழவர் அமைப்பினர் கூடி வணக்கம் செலுத்துகின்றனர்.

நம் மாணவர்க்கு 1919ஆம் ஆண்டின் ஜாலியன்வாலாபாக் தெரியும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் திருப்பூரில் 1932 ஜனவரி 10 அன்று தடியடிபட்டு மறுநாள் உயிர் துறந்த குமரனையும் தெரியும். இவை தெரிந்திருக்க வேண்டியவை. ஆனால் பேருந்துக்கு நிற்கும் சாலையின் வரலாறு அவர்களுக்குத் தெரிவதில்லை. பாடநூல் மாநிலம் முழுமைக்கும் எழுதப்படுவது. ஒவ்வோர் ஊரின் நிகழ்வும் அதில் இடம்பெற இயலாது. இந்த இடைவெளியை நிரப்பும் கடமை ஊருக்கும் ஊரின் எழுத்தாளர்க்கும் உரியது.

புவியியல்

பைசாக் கணக்கிலான ஓர் உயர்வுக்கு ஏன் இத்தனை கொந்தளிப்பு? இந்த வினாவுக்கு வரலாறு மட்டும் விடை சொல்லாது. நிலத்தைக் கேட்க வேண்டும்.

நாம் வாழ்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி. மலைக்கு அப்பால் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்றைத் தருகிறது, மழையைத் தருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மேட்டு நிலம் இது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறக்கும் நொய்யல் நமக்குத் தெற்கே ஓடிக் காவிரியில் கலக்கிறது. வாய்க்கால் பாசனம் எட்டாத காடுகளில் உழவன் கிணற்றை வெட்டினான். காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்தான். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. ஆலைகளைச் சுழற்றிய அதே மின்சாரம் கிணற்று மேட்டுக்கும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. கவலைக் காளைகளின் இடத்தில் மோட்டார் அமர்ந்தது.

காவிரிப் படுகையில் மடையைத் திறந்தால் நீர் தானே பாயும். இங்கே ஒவ்வொரு குடம் நீரையும் விலை கொடுத்து மேலேற்ற வேண்டும். அதனால் நம் நிலத்தில் மின்கட்டணம் என்பது தண்ணீரின் விலையே. இதனை உணர்த்திவிட்டால், மழைமறைவுப் பகுதி என்ற சொல்லை எந்த மாணவரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பொருளியல்

இனி அந்தப் பைசாவைக் கணக்கிடுவோம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 3.7 யூனிட் மின்சாரம் கொள்ளும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 30 யூனிட். ஒரு பைசா உயர்ந்தால் நாளுக்கு 30 பைசா. ஆண்டில் 200 நாள் ஓடினால் 60 ரூபாய். உயர்வு இரண்டு பைசாவானால் 120 ரூபாய். இந்தக் கணக்கை மாணவரே போடட்டும். 1970இல் 60 ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம் என்று வீட்டிலுள்ள பாட்டனிடமும் பாட்டியிடமும் கேட்டு வரட்டும். விலைவாசி என்ற பாடம் அன்று வீட்டுத் திண்ணையிலேயே நடந்துவிடும்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் திருப்பிக் காட்ட வேண்டும். மின்வாரியம் அணை கட்டவும் கம்பி இழுக்கவும் பணம் எங்கிருந்து பெறும்? கட்டணம் போதாவிட்டால் அந்தச் சுமையை யார் சுமப்பது? மோட்டார் வைத்திருந்த உழவர்க்குக் குறைந்த அந்த ஒரு பைசா, நிலமே இல்லாமல் அவர் காட்டில் கூலிக்கு உழைத்தவரின் வீட்டுக்கு என்ன தந்தது? இந்த வினாக்களை ஒதுக்கிவிட்டு மூவரின் ஈகத்தை மட்டும் பாடினால் அது புகழ்ச்சியாகும், சமூக அறிவியலாகாது.

இந்தப் பைசாக் கணக்கு காட்டோடு நின்றுவிடவுமில்லை. கிணற்றுப் பாசன உழவுக் குடும்பங்களிலிருந்து பலர் திருப்பூருக்குப் போய்ப் பனியன் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். அவர்களுள் சிலர் பிறகு முதலாளிகளும் ஆயினர். அங்கும் கணக்கு பைசாவில்தான் தொடங்கியது. பவர்டேபிளில் அமர்ந்து தைப்பவர்க்கு உருப்படிக்கு இத்தனை என்ற பீஸ்ரேட். பஞ்சப்படியில் எத்தனை பைசா என்ற பேச்சுவார்த்தை. 1984இல் பஞ்சப்படி கோரி நடந்த வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. கிணற்று மேட்டின் பைசாவும் பட்டறையின் பைசாவும் ஒரே மண்ணின் இரு தலைமுறைக் கணக்குகள். 2004 டிசம்பருடன் உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுற்றபோது, நம் ஊர்த் தையல் மேசையின் பைசா வெளிநாட்டு வணிகனின் பேரத்தோடு இன்னும் நெருக்கமாகப் பிணைந்தது. உலகமயமாதல் என்ற பாடத்துக்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

குடிமையியல்

மின்சாரம் நம் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளது. வேளாண்மை, காவல்துறை, பொது ஒழுங்கு ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைப் பிரிவு 19 தருகிறது; பொது ஒழுங்கின் பொருட்டு அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. தேர்வுக்காகப் படிக்கும்போது இவை எண்களும் பட்டியல்களும். பெருமாநல்லூர்ச் சாலையில் வைத்துப் பார்த்தால் இவை உயிரின் எல்லைக்கோடுகள். உரிமை எங்கே முடிந்தது? கட்டுப்பாடு எங்கே தொடங்கியது? துப்பாக்கி தவிர வேறு வழி இருந்ததா? கட்டணம் உயர்த்தும் முன் யாரைக் கேட்டிருக்க வேண்டும்? பதினைந்து வயது மாணவர் இவற்றை விவாதிக்க வல்லவரே. மூன்றாண்டில் வாக்களிக்கப் போகிறவர்க்கு இவை அறியத்தகாத செய்திகளல்ல.

ஒரு தீர்வும் அதன் பின்விளைவும்

அந்தப் பக்கம் 1970இல் மூடிவிடவில்லை. 1984இல் சிறு உழவர்க்கு இலவச மின்சாரம் வந்தது. 1990களின் தொடக்கத்துக்குள் எல்லா உழவர்க்கும் அது விரிந்தது. நீரின் விலையாக இருந்த பைசா மறைந்தது. ஆனால் நீரும் கீழே போயிற்று. கிணறுகள் வற்ற, ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டி இறங்கின. கொங்கு நாட்டுக் காடுகளில் நீரூட்டத்தைத் தேடித் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடப்பவரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கம் சாயக் கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு ஆகாததாயிற்று. சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வேலை போன வீடும், நிலம் கெட்ட வீடும், ஒரே ஊரில் எதிரெதிரே நின்றன. இரண்டின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தனர்.

அறுபதாண்டுக் கோரிக்கையான அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் மேலேற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்ப வகுத்த திட்டம் அது. இங்கும் நீரை மேலேற்றுவது மின்சாரமே. கவலை போய் மோட்டார் வந்தது; மோட்டார் தனியாருக்கு இருந்தது போய் ஊருக்கே வந்திருக்கிறது. அதன் மின்கட்டணத்தை யார் செலுத்துவது, எந்தக் குளத்துக்கு முதலில் நீர், வந்த நீரை எப்படிக் காப்பது என்பன கிராம சபையில் எழ வேண்டிய வினாக்கள். 1970இல் சாலையில் எழுந்த குரல், 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின் கூடிப் பேச ஓர் அவையைப் பெற்றிருக்கிறது. அந்த அவையில் எழுந்து பேசத் தெரிந்தவர்களை உருவாக்குவதே சமூக அறிவியலின் பயன் என்று நான் கருதுகிறேன்.

யாருடைய வரலாறு?

ஒரு நியாயமான ஐயம் எழலாம். இன்று நம் பகுதிப் பள்ளிகளில் இவ்வூர்ப் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தோரின் பிள்ளைகள் இருக்கின்றனர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோரின் பிள்ளைகள் தமிழில் பாடம் படிக்கின்றனர். அவர்களுக்குப் பெருமாநல்லூர் உழவரின் கதை அயலார் கதையாகாதா?

ஆகாது. அந்தப் பிள்ளையின் தந்தையும் ஏதோவொரு நிலத்தை விட்டுத்தான் வந்திருக்கிறார். அங்கே மழை பொய்த்ததா, வெள்ளம் கொண்டதா, கடன் தின்றதா என்று அதனைக் கேட்க வேண்டும். இரு கதைகளையும் ஒரே கரும்பலகையில் எழுத வேண்டும். தன் ஊரின் வரலாறு தெரிந்த மாணவர்க்கே பிறர் ஊரின் வரலாற்றைக் கேட்கும் பொறுமை வரும். ஊர்ப்பெருமை பேசுவதற்காக மட்டும் உள்ளூர் வரலாற்றைக் கற்பிப்போமானால், அது வந்தவரை வெளியே நிறுத்தும் வேலியாகிவிடும். அந்த எச்சரிக்கை ஆசிரியர்க்கும் வேண்டும், கவிஞர்க்கும் வேண்டும்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

1970இல் இருபது வயது இளைஞராக அந்தச் சாலையில் நின்றவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர். கணவரையோ தந்தையையோ அன்று போராட்டத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்த பெண்களுக்கும் அதே வயது. அந்தப் பெண்களின் நினைவைக் கேட்டு எழுதியவர் மிகச் சிலரே. காட்டுக் கூலியாக இருந்தோரின் நினைவைக் கேட்டவர் அதனினும் சிலர். இன்னும் பத்தாண்டு கழித்து, இவ்வட்டம் இருபதாம் ஆண்டு விழாக் காணும்போது, கேட்பதற்கு எத்தனை பேர் இருப்பர்?

ஆகவே இவ்வட்டத்தின் முன் ஒரு பணியை வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, உறுப்பினர் இருவரும் பள்ளி மாணவர் நால்வரும் சேர்ந்து ஒரு முதியவரின் வீட்டுக்குச் செல்லட்டும். மாணவர் வினாக்களை ஆயத்தம் செய்யட்டும்: கிணற்றின் ஆழம், விளைந்த பயிர், வாங்கிய கூலி, செலுத்திய கட்டணம், அன்று கண்டவை, கேட்டவை. கவிஞர் செவிமடுத்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு முரண்பட்டால் இரண்டையும் எழுதி வைக்கட்டும். அழகுக்காக ஒன்றை அழிக்க வேண்டா. ஓராண்டில் பன்னிரண்டு குரல்கள் சேரும். அதனைச் சிறு நூலாக்கிப் பள்ளி நூலகத்தில் வைத்தால், மாநிலப் பாடநூலுக்குப் பெருமாநல்லூர் எழுதிய துணைப்பாடமாக அது விளங்கும்.

கவிதைக்கும் இதனால் ஊதியம் உண்டு. உழவன் துயரம் என்று பொதுவாகப் பாடிய பாடல்கள் நம்மிடம் மிகுதி. யூனிட்டுக்கு இரண்டு பைசா, நாளுக்கு முப்பது யூனிட், இருநூறு நாள் இறைப்பு என்று அறிந்து எழுதிய கவிதை குறைவு. அளவு தெரிந்த துயரமே பிறர் நெஞ்சில் நிற்கும்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் மேலும் பல்லாண்டு வளர்க என வாழ்த்தி, முதல் ஞாயிறு என்றைக்கு என்று இன்றைய கூட்டம் கலையுமுன் முடிவு செய்யுமாறு வேண்டி அமர்கிறேன்.