எல்லை கடக்கும் எழுத்து



ஒரு நிரல்மொழியில் எழுதிய செயற்கூற்றை மற்றொரு நிரல்மொழியிலிருந்து அழைப்பது கணினித்துறையின் அன்றாட வழக்கம். 1991இல் வெளிவந்த பைத்தான் கற்பதற்கு எளிது. ஆயினும் பெருங்கணக்குகளில் விரைவு குறைந்தது. எனவே, 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியின் துணையை அது நாடுகிறது. நம்பை என்னும் நிரலகத்தைக் கொண்டு கணக்கிடும் மாணவர், தாம் அறியாமலே சி மொழிச் செயற்கூறுகளை அழைக்கிறார்.

இரு மொழிகள் கூடுமிடத்தில் விதிகள் வேண்டும் என்பது இலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. தமிழுக்குள் வரும் வடசொல் தன் எழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்கவேண்டும் எனத் தொல்காப்பிய எச்சவியல் விதிக்கிறது. நிரல்மொழிகளுக்கும் அத்தகைய உடன்பாடு தேவை. எத்தனை மதிப்புகளை அனுப்புவது, அவை எவ்வகையின, பெற்ற நினைவக இடத்தை விடுவிப்பது யார் கடமை என்பனவற்றை இரு தரப்பும் ஒன்றுபோலக் கொள்ளாவிடில் விடை பிழைபடும். நிரல் இடையில் நின்றுபோதலும் உண்டு.

'தமிழ்' என்னும் சொல்லையே காண்போம். நமக்கு அது த, மி, ழ் என 3 எழுத்து. அதன் நீளம் பைத்தான் 3இல் 5. ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனிக் குறியெண் பெற்றிருப்பதே காரணம். யூடிஎஃப்-8 முறையில் அதனைச் சி மொழிக்கு அனுப்பினால் நீளம் 15. சி எண்ணுவது பைட்டுகளை. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். மூன்று விடைகளும் சரியே. எண்ணப்படும் பொருள்தான் வேறு.

இதனை அறியாத ஒருவர் பெயருக்கு 20 பைட் போதும் எனக் கருதி நிரல் எழுதினால் என்னாகும்? எட்டெழுத்துப் பெயராகிய 'திருநாவுக்கரசு' 42 பைட் கொள்வது. அது 'திருநா' என்பதோடு நிற்கும். அடுத்த எழுத்து சிதையும். ஒரு மனிதரின் பெயரே பதிவேட்டில் குறைபட்டுவிடும்.

உயிர்மெய் ஓரெழுத்து என்பதைப் பொறிக்கு எடுத்துரைக்கும் அறிவு தமிழ் வகுப்பிலிருந்தே வரவேண்டும். ஆசிரியர்களே, உங்கள் மாணவர் தத்தம் பெயரை எழுத்தாகவும் குறியெண்ணாகவும் பைட்டாகவும் எண்ணிப் பார்க்கட்டும். நாளை நிரல் எழுதப்போகும் அவர்களே எல்லையில் நம் எழுத்தைக் காப்பவர்கள்.