தோளில் நில்லாத வார்

(யூபிலி ஆண்டுப் பாடகர் குழுப் பயிற்சி நாளன்று பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பங்குத் தந்தை பேச எழுந்தால், ஆலயம் எழுந்த வரலாற்றையும் முன்னாள் குருக்களின் உழைப்பையும் பற்றிப் பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அவற்றிற்கு விழா மலரில் வேறு பக்கங்கள் உண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு வார். பேஸ் கிதாரைத் தோளில் தொங்கவிடும் வார். நம் பிள்ளைகள் அதைக் 'கிதார் பெல்ட்' என்பார்கள். அது வழுக்குகிறது. வழுக்காமலிருக்க வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதைத்தான் சொல்லப் போகிறோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். முதலில் நாமும் இதைப் பெரிதாக எண்ணாதவர்தாம்.

சென்ற பாஸ்கா திருவிழிப்பு இரவு உங்களுக்கு நினைவிருக்கும். விளக்குகள் எல்லாம் எரிந்து, மணிகள் ஒலித்து, வானவர் கீதம் தொடங்கிய வேளையில் பேஸ் கிதார் மூன்று இடங்களில் நின்று நின்று ஒலித்தது. நான்காம் முறை அதன் தலைப்பகுதி பாட்டுப் புத்தகம் வைத்திருந்த தாங்கியில் மோதி, புத்தகமும் தாங்கியும் சேர்ந்து விழுந்தன. திருப்பலி முடிந்ததும் அந்தப் பையனைத் திருப்பொருள் அறைக்கு அழைத்தோம். "தம்பி, கையில் கருவியை வைத்துக்கொண்டு கனவு காணாதே. மனமில்லை என்றால் சொல்லிவிடு, வேறொருவர் வாசிக்கட்டும்" என்றோம். அவன் பதில் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு மாலை அவனுடைய தாய் வந்தார். "சாமி, அவன் கனவு காணலை. கிதார் கழுத்து கீழ கீழ போகுது. இடது கையால அதைத் தாங்கிக்கிட்டேதான் வாசிக்கிறான். மணிக்கட்டு வீங்கிப் போச்சு, ராத்திரியில எண்ணெய் தேய்ச்சு விடுறேன்" என்றார். அன்றே அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். பையன் கிதாரை எடுத்து, அங்கி அணிந்திருந்த நம் தோளிலேயே மாட்டிவிட்டான். "இப்ப கையை எடுத்துப் பாருங்க ஃபாதர்" என்றான். எடுத்தோம். வார் நம் தோள்மீது எண்ணெய் தடவியதுபோல் ஓடியது, கிதாரின் தலை நேரே தரையை நோக்கிப் பாய்ந்தது. அவன் பிடித்திராவிட்டால் அன்று அந்தக் கருவியின் கதை முடிந்திருக்கும். அவன் தங்கை சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். "மன்னித்துக்கொள் தம்பி" என்று அங்கேயே சொன்னோம். ஆனால் நம் மன்னிப்பால் மணிக்கட்டு வீக்கம் குறையாது. ஆகவே வாரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம்.

இந்தக் கருவிக்கு ஏன் இந்தத் தொல்லை? பழைய டபிள் பேஸ், ஆள் உயரத்திற்கு மேல் தரையில் ஊன்றி நிற்பது. அதற்கு வார் தேவையில்லை. 1951-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் அந்தத் தாழ்ந்த குரலை ஒரு மின்கிதாருக்குள் அடக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். தரை தாங்கிய பாரம் அன்றுமுதல் தோளுக்கு வந்தது. இன்று நம் பிள்ளைகள் வைத்திருப்பவை பெரும்பாலும் நான்கு கிலோ அளவில் இருக்கும். வழக்கமான கிதாரில் தந்தியின் ஒலிக்கும் நீளம் 65 செ.மீ. அளவு, பேஸ் கிதாரில் ஏறத்தாழ 86 செ.மீ. கழுத்து அவ்வளவு நீளம், அதன் நுனியில் நான்கு பெரிய முறுக்காணிகள். உடல் பகுதியின் மேற்கொம்பு கழுத்தின் பன்னிரண்டாம் கட்டுக்கு நேராக வரும்வரை நீண்டிருந்தால் கருவி ஓரளவு சமநிலையில் தொங்கும். கொம்பு குட்டையாக இருந்தால் தலை தாழும். அப்படித் தாழ முயலும் தலையைப் பிடித்து நிறுத்துவது, தோளுக்கும் வாருக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றுதான். அது இல்லையென்றால் அந்த வேலை இடது கைக்கு வருகிறது. தந்தியை அழுத்த வேண்டிய கை சுமைதூக்கும் கையாகிவிடுகிறது.

திருவிழாவில் இந்த வாத்தியம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் இங்கும் இருக்கிறீர்கள். 1963-ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்ட ஏடு ஆர்கனுக்கு முதன்மை தந்தாலும், தகுந்த பிற கருவிகளுக்கும் இடம் விட்டது. தவிர, 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது முதல் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் எப்படி நடந்து வருகிறது என்று கேட்டு வளர்ந்த காதுகள் நம் பிள்ளைகளின் காதுகள். ஆகவே அதைக் குறை சொல்ல வேண்டாம். வாருக்கு வருவோம்.

தீபத்தின்போது கூடும் மாட்டுச் சந்தையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முரட்டுக் காளையின் கயிற்றைக் கையில் மட்டும் பிடித்தால் அது ஆளையே இழுத்துச் செல்லும். அதே கயிற்றைக் கட்டுத்தறியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூடப் பிடித்து நிற்பான். வளைந்த பரப்பின்மேல் அணைந்து செல்லும் கயிற்றுக்கு உள்ள இந்தப் பிடிப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை கணக்காக்கினார். நம் தோளும் ஒரு கட்டுத்தறிதான். வார் அதன்மேல் ஏறக்குறைய அரைச் சுற்று அணைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வு எண் 0.2 என்றால், ஒரு பக்கத்து இழுப்பு மறுபக்கத்து இழுப்பைப்போல் இரு மடங்கை நெருங்கும்போதே வார் வழுக்கிவிடும். அந்த எண்ணை 0.5 ஆக்கிவிட்டால், ஏறக்குறைய ஐந்து மடங்குவரை தாங்கும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அந்த ஓர் எண்ணைக் கூட்டுவது.

அகலமான வார் வாங்கினால் வழுக்காது என்று பலர் சொன்னார்கள். அது சரியன்று. உராய்வு பரப்பளவைப் பொறுத்ததன்று என்பது 1699-இல் அமோன்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட விதி. அகலம் பாரத்தைப் பரப்பித் தோள்வலியைக் குறைக்கும், அதனால் அது நல்லதே. பிடிப்பைத் தருவது பரப்பின் தன்மை. பையன் வைத்திருந்தது நைலான் நாடா. அவன் அணிந்திருந்தது விழாவுக்காகத் தைத்த பாலியெஸ்டர் சட்டை. வழுக்கும் பொருளின்மேல் வழுக்கும் பொருள்! சீருடைத் துணியைத் தேர்ந்தெடுத்தது நாம்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதலில் நாமே ஒரு சோதனை செய்தோம். சப்பரம் தூக்குகிறவர்கள் தோளில் துண்டை மடித்து வைத்துக்கொள்கிறார்கள் அல்லவா? அதேபோல் பருத்தித் துண்டு ஒன்றைத் தோளில் வைத்து அதன்மேல் வாரைப் போட்டோம். துண்டு தோளில் நின்றது, வார் துண்டின்மேல் ஓடியது. துண்டை வாரோடு சேர்த்துத் தைத்தால்தான் பயன். அப்படித் தைத்த துண்டு பயிற்சிக்குப் போதும். வியர்வையில் நனைந்தால் துவைத்துக் காயப் போடலாம். பீடச் சிறுவன் ஒருவன் நல்ல எண்ணத்தோடு மெழுகுதிரியை எடுத்து வாரின் உட்புறம் முழுவதும் தேய்த்துவிட்டான். முன்பு வழுக்கியதைவிட இருமடங்கு வழுக்கியது. வயலின் வில்லுக்குப் போடும் ரோசினைத் தூவலாம் என்றார் மற்றொருவர். அது ஒரு மணி நேரம் பிடிக்கும், பிறகு சட்டையில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். வேண்டாம்.

நம் ஊர் வீதியில் தவில்காரர் நடந்து செல்வதை ஒருநாள் நின்று கவனித்தோம். பேஸ் கிதாரைவிடப் பாரமான கருவி. வெற்றுத் தோளில் வார், வியர்த்த தோல்மேல் அழுந்திக் கிடக்கிறது, துளியும் நகரவில்லை. நம் பையனை அப்படி நிறுத்தப் பாடகர் குழுத் தலைவி சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் வழி அதிலேயே இருந்தது: தோல்.

தோலுக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எல்லாம் நம் வேலூர் மறைமாவட்டத்திலேயே உள்ளன. காலணி செய்தபின் மீறும் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். அவற்றில் 'ஸ்வீட்' என்று சொல்லும், பூம்பட்டுபோல் மயிர்த்தன்மையுள்ள தோலைக் கேளுங்கள். தோலின் சதைப்பக்கத்தைத் தேய்த்து அந்தப் பதத்திற்குக் கொண்டுவருகிறார்கள். பன்னிரண்டு அங்குல நீளமும் வாரின் அகலத்தைவிடக் கால் அங்குலம் கூடுதலான அகலமும் இருந்தால் போதும். தோளின்மேல் படியும் இடத்தில், மயிர்ப்பக்கம் சட்டையைப் பார்க்கும்படி வைத்து, இரு ஓரமும் மெழுகு நூலால் தைக்க வேண்டும். தையல் பொறியின் மெல்லிய ஊசி ஒடியும். பேருந்து நிலையப் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் கால் மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார். வெறும் பசை போட்டு ஒட்டாதீர்கள். வியர்வையில் ஓரம் எழும்பிவிடும்.

ஏற்கெனவே தோல் வார் வைத்திருந்து அதன் உட்புறம் வழவழப்பாக இருக்கிறதா? செலவே இல்லை. 80-ஆம் எண் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, தோள் படும் இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு அணியுங்கள்.

தோல் கிடைக்காதவர்களுக்குச் சைக்கிள் டியூப் உண்டு. பழைய டியூபை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தப் பொடி இருந்தால் அதுவே வழுக்கும். வார் முழுதும் ரப்பர் வைக்காதீர்கள். அது சட்டையையே இழுத்துச் சுருட்டும், வெள்ளைச் சட்டையில் கரியும் படியும். குறுக்காக மூன்று விரற்கடைப் பட்டைகள் தைத்தால் போதும். அலமாரித் தட்டில் விரிக்கும் வலைபோன்ற ரப்பர் விரிப்பும் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. சில கிதார்களுக்கு, குறிப்பாகப் பழையவற்றிற்கு, நைட்ரோ செல்லுலோஸ் மெருகு பூசியிருப்பார்கள். அந்த விரிப்போ ரப்பரோ நாட்கணக்கில் அதன்மேல் கிடந்தால் மெருகு இளகித் தழும்பு விழும். வாசித்து முடித்ததும் வாரைக் கழற்றித் தனியே வையுங்கள்.

வாரைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. நீளம் மாற்றும் கொக்கியில் நாடா தானே நழுவினால், நுனியை மறுமுறை மடித்து அதே கொக்கிக்குள் செருகுங்கள். வாரின் துளை குமிழிலிருந்து கழன்று போவது இன்னும் அபாயமானது. கருவி காலில் விழும். பழைய டியூபில் நாணய அளவு வட்டம் வெட்டி, நடுவே குமிழின் தலையைவிடச் சிறிய துளையிட்டு, வாரை மாட்டியபின் அதை இழுத்துக் குமிழின்மேல் போட்டுவிட்டால் கழலாது.

தலை மிகவும் பாரமான கிதாருக்கு இவையெல்லாம் செய்தும் சிறிது தாழத்தான் தாழும். அதையும் மறைக்காமல் சொல்கிறோம். அப்போது வாரைச் சற்றுக் குட்டையாக்கிக் கருவியை மார்போடு உயர்த்தி மாட்டுங்கள். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால்தான் அழகு என்று நினைக்கும் தம்பிமாருக்கு இது பிடிக்காது.

தைத்த வாரை எடுத்துக்கொண்டு மறுபடி அவன் வீட்டிற்குப் போனோம். மாட்டிக்கொண்டு நின்றான். இடது கையை எடுத்தான், வலது கையையும் எடுத்தான். கழுத்து ஒரு விரற்கடை தாழ்ந்து, அங்கேயே நின்றது. தங்கை இம்முறை சிரிக்கவில்லை. தாய் அவன் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூவொரு கடவுள் பெருவிழாவன்று அவன் வாசித்ததை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள்.

மீதித் தோல் திருப்பொருள் அறை அலமாரியின் மூன்றாம் தட்டில் இருக்கிறது. உப்புத்தாளும் மெழுகு நூலும் அதன் பக்கத்திலேயே உள்ளன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோலை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.